பித்தக்கல்: பொறுத்திருப்பதா, நாள் குறிப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியில், ஒரே உறைக்குள் இரண்டு ஸ்கேன் அறிக்கைகள் இருக்கின்றன. ஒன்று என் அண்ணியுடையது. பித்தப்பையில் 2 சென்டிமீட்டர் அளவில் ஒற்றைக் கல் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. வேறு எதற்காகவோ வயிற்றை ஸ்கேன் செய்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட கல் அது. 14 ஆண்டுகளாக அவரை ஒருநாள்கூடத் தொந்தரவு செய்ததில்லை. மற்றொன்று என்னுடையது. 4, 5 மில்லிமீட்டர் அளவில் பல பொடிக்கற்கள். அண்ணியின் கல்லுக்கு அஞ்சிய உறவினர்கள் என் கற்களைக் கடுகு என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கடுகுதான் நான்கு ஆண்டுகள் என்னை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைத்து, கடைசியில் மஞ்சள்காமாலையோடு மருத்துவமனையில் சேர்த்தது.

பித்தக்கல் இருக்கிறது என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். அறுவை வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் உதவாது. அந்தக் கல் இதுவரை என்ன செய்திருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஒன்றுமே செய்யாத கல், வலி மட்டும் தந்த கல், வலியைத் தாண்டிக் கேடு விளைவித்த கல் என்ற மூன்று நிலைகளில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டால், முடிவில் பாதி தானாகவே வந்துவிடும். நான் மருத்துவர் அல்லேன். நோயாளியாக இருந்து, கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். உங்கள் உடலைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல் இதைவிட மேலானது.

கல் எப்படி வேலை செய்கிறது

கல்லீரல் நாள் முழுவதும் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி, கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பையில் தேங்கி, நீர் வற்றிக் கெட்டியாகிறது. ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறிய பை அது. கொழுப்பு கலந்த உணவு குடலுக்குள் இறங்கியதும் ஒரு சுரப்பு நீர் சைகை காட்ட, பை சுருங்கிப் பித்தநீரைக் குழாய் வழியே குடலுக்குத் தள்ளும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்தாலோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, முதலில் சேறு போலவும் பிறகு கல்லாகவும் உறைகிறது. பெரும்பாலான கற்கள் கொலஸ்ட்ரால் கற்களே. இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் நோய் உள்ளவர்களுக்கு வருபவை கருநிற நிறமிக் கற்கள்.

பை சுருங்கும்போது கல் வாயிலில் போய் அடைத்துக்கொண்டால் வலிக்கிறது. விலகினால் வலி நிற்கிறது. பெரிய கல்லும் வாயிலை அடைக்கக்கூடியதுதான், ஆனால் பெரும்பாலும் அது பையைவிட்டு வெளியேறாது. பொடிக்கல்லோ வழுக்கிக்கொண்டு, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பொதுப் பித்தநாளத்துக்குள் இறங்கிவிடும். அங்கே அடைத்தால் மஞ்சள்காமாலை, அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் நாள அழற்சி, கணைய நாளம் வந்து சேரும் இடத்தில் சிக்கினால் கணைய அழற்சி. கடுகின் காரம் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வாழைத்தண்டுச் சாறு குடி, தண்ணீர் நிறையக் குடி, கல் கரைந்து வெளியே வந்துவிடும் என்று சொல்பவர்கள் சிறுநீரகக் கல்லை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது பித்தக்கல்லை அடித்துக்கொண்டு போகாது.

வலியை அடையாளம் காண்பது

ஓர் ஆண்டுக்கு மேலாக என் வலிக்கு அமிலம் குறைக்கும் மாத்திரைகளையே கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு மருத்துவர். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "கேஸ்" என்று அவரிடம் போய்ச் சொன்னவள் நான்தான். நாம் என்ன பெயர் சொல்கிறோமோ அதற்குத்தான் மருந்து கிடைக்கிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, வலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் குறைகிறது என்பதைச் சொல்லப் பழகுங்கள்.

பித்தக்கல் வலி பொதுவாக மேல்வயிற்றின் நடுவிலோ, வலது விலாவுக்குக் கீழேயோ தொடங்கும். சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே இறங்காமல் நிற்கும். குடல் வலியைப் போல விட்டு விட்டுப் பிடிப்பதில்லை. பலருக்கு அது முதுகுப் பக்கமாக வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே போய்க் குத்தும். அரை மணி நேரமாவது நீடிக்கும். சில மணி நேரத்தில் தானாக அடங்கும். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், புரண்டு படுத்தாலும் குறையாது. கொழுப்பு நிறைந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பின், தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு வருவது இதன் வழக்கம். சாப்பிட்டவுடன் வரும் உப்புசமும், புளித்த ஏப்பமும், நெஞ்செரிச்சலும் மட்டுமே உங்கள் தொல்லை என்றால், ஸ்கேனில் கல் தெரிந்தாலும் குற்றவாளி அதுவாக இல்லாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள்தாம் பையை எடுத்த பிறகும் அதே உப்புசத்தோடு திரும்பி வந்து ஏமாற்றமடைகிறார்கள்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், அதற்கு முன் உண்டது, வலித்த இடம், காய்ச்சல் இருந்ததா, மறுநாள் சிறுநீர் எந்த நிறத்தில் போனது, எந்த மாத்திரை எத்தனை எடுத்தீர்கள் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். மூன்று மாதக் குறிப்புகள் பத்து நிமிடச் சந்திப்பில் ஓர் அறுவை மருத்துவருக்குத் தரும் செய்தியை உங்கள் நினைவு தராது.

இன்னொரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவும் இதயநோயும் மிகுதி. இதயத்தின் கீழ்ப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவே வெளிப்படுவது உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மேல்வயிற்றில் திடீரென்று வலியும், வியர்வையும், மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால், கல் இருப்பது தெரிந்திருக்கிறதே என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. முதலில் இசிஜி எடுக்கட்டும். கல்லைப் பிறகு பார்க்கலாம்.

ஸ்கேனில் கேட்டு வாங்க வேண்டியவை

பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போனால்தான் பை விரிந்து தெளிவாகத் தெரியும். அறிக்கையில் கல்லின் அளவை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். பையின் சுவர் தடித்திருக்கிறதா (3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் காரணம் கேட்க வேண்டும்), பொதுப் பித்தநாளம் விரிந்திருக்கிறதா (ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரை இயல்பு, வயதானால் சற்றுக் கூடலாம்), நீங்கள் புரண்டு படுக்கும்போது கல் நகர்கிறதா அல்லது பையின் கழுத்தில் சிக்கி நிற்கிறதா, சுவரில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) ஏதேனும் உண்டா என்பவை அளவைவிட முக்கியமானவை. நாளத்துக்குள் இறங்கிவிட்ட கல்லை இந்த ஸ்கேன் பல நேரம் தவறவிட்டுவிடும். ஆகவே பிலிருபினும் (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) கல்லீரல் என்சைம்களும் இரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்தால், எம்ஆர்சிபி என்ற காந்தப் படம் தேவைப்படலாம். நாளத்தில் கல் இருப்பது உறுதியானால், வாய்வழி குழாய் செலுத்தி அதை எடுக்கும் ஈஆர்சிபி முறை இருக்கிறது.

ஒன்றும் செய்யாத கல்லை விட்டுவிடலாம்

கல் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் வலி அறியாமலே வாழ்கிறார்கள். அமைதியாக இருக்கும் கல் வலி தரத் தொடங்குவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் முதல் நால்வர் வரைதான். அதனால்தான், பித்தப்பை மற்றபடி நலமாக இருந்து, தொல்லையும் இல்லாவிட்டால் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. என் அண்ணி இந்த வகை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. நீரிழிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அமைதியான கல்லை எடுக்கவும் வேண்டியதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப், 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், அரிவாளணு நோய் போன்ற இரத்தக் குறைபாடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அறுவை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கல்லோடு வாழும் காலம்

அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும், வரிசையில் காத்திருப்பவர்களும் ஒரே மாதிரிதான் வாழ வேண்டும். கொழுப்பைக் குறைத்தால் கல் கரையும் என்பதற்குச் சான்று இல்லை. வலி வரும் தடவைகளைக் குறைக்கும் என்பதற்கும் ஆய்வுச் சான்று வலுவானதன்று. ஆனாலும் ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பை உண்பதைத் தவிர்த்தால் இரவுகள் அமைதியாகக் கழிகின்றன என்று என்னைப் போன்ற பலரும் சொல்வார்கள். எங்கள் ஊர் உணவில் எது ஆபத்து என்று கண்டுபிடிப்பது கடினமன்று. கால் ரொட்டியைக் குடைந்து ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றித் தரும் ‘குவார்ட்டர் மட்டன் பன்னி’யில் இறைச்சியைவிட, குழம்பின் எண்ணெய் முழுவதையும் குடித்து ஊறிய ரொட்டிதான் என்னை வீழ்த்தியது. அதே குழம்பை எண்ணெய் வடித்து, கொஞ்சம் சோற்றோடு உண்டபோது ஒன்றும் ஆகவில்லை. கலியாண வீட்டுப் பிரியாணியை வேண்டாம் என்று மறுத்து அத்தையின் முகத்தை வாடவைக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி, அதுவும் பகல் வேளையில், கூடவே தயிர்ப் பச்சடி என்று வைத்துக்கொள்ளலாம். சமோசாவும் பஜ்ஜியும் ஒன்றோடு நிற்கட்டும். பருப்பும், கீரையும், பீன்ஸ் கறியும், டின் மீனின் எண்ணெயை வடித்துச் செய்த குழம்பும் எனக்கு ஒத்துக்கொண்டன.

கொழுப்பை அடியோடு நிறுத்துவதும் தவறு என்பது பலருக்குத் தெரியாது. கொழுப்பே உள்ளே வராவிட்டால் பை சுருங்காது. சுருங்காத பையில் பித்தநீர் தேங்கும். தேங்கினால் கல் வளரும். நீண்ட நேரம் பட்டினி கிடப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. இந்த இடத்தில் விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. புரட்டாசி முழுவதும் இறைச்சியைத் தொடாதிருப்பது பித்தப்பைக்கு நல்லதே. ஆனால் பகல் முழுவதும் ஒன்றும் உண்ணாமல் இருந்து, விளக்கேற்றிய பிறகு வடையும், பூரியும், நெய் வழியும் பாயசமுமாக ஒரே வேளையில் உண்பது, பையை நாள் முழுவதும் நிரப்பி வைத்து இரவில் ஓங்கி அடிப்பதற்குச் சமம். காவடி நேர்ந்துகொண்டு பத்து நாள் விரதம் இருப்பவர்கள், காலையில் கஞ்சியோ பாலோ பழமோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று பூசகரிடமே கேளுங்கள். நோயுற்றவருக்கு விரதத்தில் தளர்வு உண்டு என்பது நம் மரபிலேயே இருப்பதுதான். மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் எண்ணெய் இல்லாதது; அதை நான் ஒரு வருடமும் விட்டதில்லை.

எடையைக் குறைப்பது நல்லது. விரைந்து குறைப்பது கெடுதல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. இப்போது பலரும் போட்டுக்கொள்ளும் ஒசெம்பிக் போன்ற எடை குறைப்பு ஊசிகளுக்கும் பித்தப்பைத் தொல்லைக்கும் தொடர்பு இருப்பதாக அவற்றின் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஊசி எழுதித் தரும் மருத்துவரிடம் உங்களுக்குக் கல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

வலி வந்தவுடன் எடுப்பதற்கு என்ன மாத்திரை என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கின்றன. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும் அவற்றைத் தாமாக விழுங்கக் கூடாது. நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உள்ள நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் இந்தக் கணக்கில் வருவார்கள்.

கல்லைக் கரைக்கும் மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்பது அதன் பெயர். சுண்ணாம்பு ஏறாத, 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொலஸ்ட்ரால் கல்லாக இருந்து, பையும் நன்றாக வேலை செய்தால் மட்டுமே பலன் உண்டு. அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கல் மறுபடி உண்டாகிறது. அறுவையே முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு வேண்டுமானால் அது ஒரு வழி. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் விழும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியத்தில் விழுபவை கற்களே அல்ல. குடித்த எண்ணெயும் குடலின் நீரும் சேர்ந்து உறைந்த சோப்புக் கட்டிகள் அவை என்று ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிப்பது உண்மையான வலியை வரவழைத்துவிடவும் கூடும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ சேர்ந்தால், கண்ணின் வெண்மை மஞ்சளானால், சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளுத்தும் போனால், வாந்தி நிற்காவிட்டால், வலி வயிற்றின் நடுவிலிருந்து முதுகைத் துளைத்துக்கொண்டு போனால், அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று நான் இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். அடைப்பினால் வந்த காமாலைக்கு அடைப்பை நீக்குவதே மருந்து. அந்த இரண்டு நாளில் கிருமி இரத்தத்தில் கலந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அரசு ஆம்புலன்சுக்கு 10177 என்ற எண்ணும், கைபேசியிலிருந்து அழைக்க 112 என்ற எண்ணும் உள்ளன. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். அவசர மருத்துவ உதவியை யாருக்கும் மறுக்கக் கூடாது என்பது தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு.

முடிவெடுப்பது

மூன்றாம் நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது பித்தப்பை அழற்சியோ, அடைப்புக் காமாலையோ, கணைய அழற்சியோ ஒருமுறை வந்துவிட்டவர்களுக்கு, அறுவையா வேண்டாமா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. எப்போது என்பதுதான் மிச்சம். பித்தப்பை அழற்சி என்றால் கண்டறிந்த ஒரு வாரத்துக்குள்ளும், இலேசான கணைய அழற்சி என்றால் வீடு திரும்புவதற்கு முன்பேயும் பையை எடுத்துவிடுவது மேல் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. எல்லா இடத்திலும் அதற்கு அறுவைக்கூடம் கிடைப்பதில்லை. ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினால், தேதியும் கடிதமும் கையில் இல்லாமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.

உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள் இரண்டாம் நிலையில் இருப்பவர்கள்: வலி வந்து போகிறது, வேறு கேடு ஒன்றும் இல்லை. இவர்களுக்கு அறுவையே சிறந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இன்றும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைத்தான் முன்வைப்பார்கள். ஒருமுறை வலித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மறுபடி வலிக்கிறது என்பது அதற்கு நியாயமான காரணம். ஆனால் 2023இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட 434 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை அறுவைக்கும் மற்றதை மருந்தோடு பொறுத்திருக்கவும் அனுப்பி, 18 மாதங்கள் கவனித்தது. உடல்வலியைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பொறுத்திருந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே அந்தக் காலத்துக்குள் அறுவைக்குப் போனார். 18 மாதம் என்பது ஓர் ஆயுள் அன்று என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ஒரேயொரு முறை வலித்ததற்காக நாளையே மேசையில் படுக்க வேண்டும் என்ற பதற்றமும் தேவையில்லை என்பது இதனால் விளங்குகிறது. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. நான் அந்த அவகாசத்தை மறப்பதற்குச் செலவிட்டேன். நீங்கள் அதை நோட்டுப் புத்தகத்துக்கும், இரண்டாவது கருத்துக்கும், பணத்துக்கும் செலவிடுங்கள்.

என் அளவுகோல்கள் இவை. வலி மாதத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கிவிட்டால், இடைவெளி குறுகிக்கொண்டே வந்தால், கற்கள் பொடியாகவும் பலவாகவும் இருந்தால், மருத்துவமனையிலிருந்து வெகுதொலைவில் வேலை செய்பவராகவோ அடிக்கடி பயணம் போகிறவராகவோ இருந்தால், விரைவில் குழந்தை பெற எண்ணினால், நாள் குறித்துவிடுவது மேல். கருவுற்றிருக்கும்போது அறுவை செய்ய வேண்டி வந்தால் நடு மூன்று மாதங்களே ஏற்றவை என்பார்கள். அந்த நெருக்கடிக்கு முன்பே முடித்துவிடுவது எளிது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அழற்சி வந்தால் கடுமையாக வருகிறது; வலி தொடங்கிவிட்ட நீரிழிவுக்காரர், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் ஒரு மாதத்தில் தாமாக நடந்துபோய் அறுவை செய்துகொள்வது, காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போகப்படுவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. மாறாக, வயது எண்பதைத் தொட்டு, இதயமும் நுரையீரலும் தளர்ந்து, வலியும் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் பொறுத்திருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறுவையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பித்தப்பையை முதன்முதலாக எடுத்தவர் கார்ல் லாங்கன்புக், 1882இல், பெர்லினில். துளைவழி அறுவையை எரிக் மியூஹே என்ற ஜெர்மானியர் தொடங்கியது 1985இல். இன்று நான்கு சிறு துளைகள் வழியாக, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, பெரும்பாலானவர்களை அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிகவும் அஞ்சப்படும் கேடு பித்தநாளக் காயம்; ஏறக்குறைய 200 முதல் 300 பேரில் ஒருவருக்கு நேர்கிறது, நேர்ந்தால் பெரிய அறுவை தேவைப்படும். ஒட்டுதல் மிகுந்திருந்தால் நடுவில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம்; அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துக் கேட்பார்கள். சிலருக்குப் பின்னர் வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். ஆண்டுக்கு இத்தகைய அறுவை எத்தனை செய்கிறீர்கள், திறந்து செய்ய வேண்டி வந்தது எத்தனை முறை, நாளத்தில் கல் இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று. கேள்விக்குச் சினப்படுகிறவரிடம் நான் போக மாட்டேன்.

பணமும் வரிசையும்

அரசு வழி என்றால் முதலில் வட்டாரக் கிளினிக், அங்கிருந்து கடிதத்தோடு மருத்துவமனையின் அறுவைப் பிரிவு. சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்களுக்கு ஆர். கே. கான் மருத்துவமனையும், ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையும் அருகில் உள்ளன. இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மத்திய மருத்துவமனைக்கு நேராகப் போக முடியாது. பிற மருத்துவமனைகள் அனுப்பி வைப்பவர்களையே அங்கு பார்ப்பார்கள். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. அடையாள அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு போங்கள். அவசரமற்ற அறுவைக்கான வரிசை நீளமானது. வரிசையில் இருக்கும்போது மறுபடி வலித்தாலோ அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலோ, அந்தக் குறிப்பை அறுவைப் பிரிவில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோப்பில் ஏறாத வலிக்கு முன்னுரிமை கிடைப்பதில்லை.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாத் திட்டங்களும் கட்டாயமாகச் செலவு ஏற்கவேண்டிய குறைந்தபட்சப் பயன்களின் பட்டியலில், அழற்சியோ காமாலையோ சேர்ந்த பித்தக்கல் இடம்பெற்றுள்ளது. வெறும் வலி மட்டும் தரும் கல் அப்படியன்று. அது உங்கள் திட்டத்தின் விதியைப் பொறுத்தது. மருத்துவர் படிவத்தில் எழுதும் நோய்க்குறியீடு இதைத் தீர்மானிக்கிறது. கே80.2 என்றால் அழற்சியில்லாத கல், கே80.0 என்றால் கடும் அழற்சியோடு கூடியது. உங்களுக்கு உண்மையாகவே அழற்சி இருந்து, பழைய குறியீடே படிவத்தில் தொடர்ந்தால் இழப்பு உங்களுக்குத்தான். எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன் அனுமதி எண் வாங்கும்போதே, துளைவழி அறுவைக்கு நாம் கையிலிருந்து தனியாகக் கட்டவேண்டிய பணம் உண்டா, மயக்க மருத்துவரின் கட்டணம் முழுவதும் அடங்குமா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல் தெரிந்த பிறகு புதிதாகச் சேர எண்ணுகிறவர்களுக்கு, மெடிக்கல் எய்ட் திட்டங்களுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பும் விதிக்கப்படலாம். படிவத்தில் கல்லை மறைப்பது பிறகு உறுப்பினர் பதவியையே பறித்துவிடும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகள் அனைத்தையும் பெட்டிகளோடு மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின், சர்க்கரை மாத்திரைகள், எடை குறைப்பு ஊசி ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். நாமாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

எழுந்தவுடன் வயிற்றைவிடத் தோள்பட்டை வலிப்பது கண்டு நான் பயந்துவிட்டேன். வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயுவின் வேலை அது. நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. மேசை வேலைக்கு ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்குவதற்கு இன்னும் சிறிது காலம் ஆகும். பிரேக்கை வலியின்றி ஓங்கி மிதிக்க முடியும்வரை கார் ஓட்ட வேண்டாம். முதல் வாரத்தில் வலி குறைவதற்கு மாறாகக் கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், கண் மஞ்சளானாலும் உடனே திரும்பிப் போங்கள். நாளத்தில் கசிவோ தங்கிவிட்ட கல்லோ இருக்கலாம். ஆயுள் முழுவதும் பத்தியம் தேவையில்லை. கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. அது இப்போது தேங்காமல் நேரே குடலுக்குச் சொட்டுகிறது. நான் முதல் மாதம் கஞ்சியிலும் பருப்பிலும் தொடங்கி, கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். யாரும் வீடு தேடி வந்து தர மாட்டார்கள், நாமே போய் வாங்க வேண்டும். அதன் நகலை, ஸ்கேன் அறிக்கையும் அறுவைக் குறிப்பும் உள்ள அதே உறையில் வையுங்கள். என் உறையில் இப்போது நான்கு தாள்கள் இருக்கின்றன. அண்ணியின் பக்கத்தில் இன்னும் அந்த ஒரே தாள்தான்.